பழைய டெஸ்க்டாப்புக்கு மதர்போர்டு மாத்தணுமா? கடைக்கு போறதுக்கு முன்னாடி இத்த பாருங்க

போன மே மாசம் கத்திரி வெயில்ல குடியாத்தத்துல எங்க சித்தப்பாவோட கைலிக்கடை சிஸ்டம் டிஸ்ப்ளே வராம நின்னுடுச்சு. ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணும் இல்ல. 2012ல அசெம்பிள் பண்ணது, ஐ3-2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு (எல்லாத்தயும் இணைக்கற பெரிய போர்டு, கீழ வெறும் போர்டுன்னு சொல்றது இதத்தான்), 4 ஜிபி ராம், கூடவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கார்பன் வெச்ச பில்லு அதுலதான் அடிக்கணும். ஒரு கடைக்கு தூக்கிகினு போனா அஞ்சு நிமிஷம்கூட பாக்கல, "போர்டு போச்சு, இதுக்கெல்லாம் இப்ப போர்டு வராது, மொத்தமா புதுசு எடுத்துக்கங்க"ன்னு அனுப்பிட்டாங்க. போர்டு போனது நெசம்தான், ஆனா போர்டு கிடைக்காதுன்றது நெசம் இல்ல. சித்தப்பா மாதிரி நெறய பேரு இப்படித்தான் தேவையில்லாம மொத்தமா செலவு பண்றாங்கன்றதால பொறுமையா எழுதறேன்.

மொதல்ல போனது போர்டுதானான்னு பாருங்க. ராம கழட்டி காண்டாக்ட்ட ரப்பரால தொடச்சி, ஒரே ஒரு ஸ்டிக்க மட்டும் வேற ஸ்லாட்டுல போட்டு ஆன் பண்ணி பாருங்க, பாதி கேஸு இதுலயே முடிஞ்சிடும். அப்பால போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, அது 3 வோல்ட் காட்டணும், ரொம்ப எறங்கி இருந்தா மாத்துங்க, சில போர்டு அது இல்லாம டிஸ்ப்ளே குடுக்காது. எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டு குடுக்கற பவர் சப்ளை பெட்டி, அதோட ஃபேன் சுத்துதுன்றதுக்காக அது நல்லா இருக்குன்னு நெனைக்காதீங்க. மல்டிமீட்டர் வெச்சி மஞ்ச ஒயர்ல 11.4லேந்து 12.6 வோல்ட்டுக்குள்ள, செவப்புல 4.75லேந்து 5.25 வோல்ட்டுக்குள்ள வருதான்னு பாருங்க. இதுல எறக்கம் இருந்தா போர்டு மாத்தியும் பிரயோஜனம் இல்ல, புது போர்டும் அதே கதிக்கு போகும். எல்லாம் சரின்னா ப்ராசஸர சுத்தி நிக்கற குட்டி உருளை மாதிரி கெப்பாசிட்டருங்கள டார்ச் அடிச்சி பாருங்க, தலை தட்டையா இருக்கணும். சித்தப்பா போர்டுல மூணு உப்பி இருந்துச்சு, ஒண்ணுல பழுப்பா கசிஞ்சி காஞ்சி போயிருந்துச்சு. நம்ம ஊரு வெயிலுக்கும் கடைத்தெரு தூசிக்கும் பத்து வருஷத்துக்கு மேல தாங்கினதே பெரிசு.

சரி, போர்டு எப்படி தேர்ந்தெடுக்கறது? நம்மகிட்ட மிச்சம் இருக்கற பொருள்தான் அத்த முடிவு பண்ணும், கடைக்காரர் ஸ்டாக்கு இல்ல. ப்ராசஸர் நம்பர்லேந்து ஆரம்பிங்க, மேல ஃபேனோட இருக்கற ஹீட்சிங்க கழட்டி பேஸ்ட்ட தொடச்சா மேலயே அடிச்சிருக்கும். இன்டெல்ல நாலு டிஜிட்டு நம்பர்ல மொத டிஜிட்டுதான் ஜெனரேஷன். ஐ3-2120ன்னா ரெண்டாவது, ஐ5-3470ன்னா மூணாவது, இந்த ரெண்டும் எல்ஜிஏ 1155 சாக்கெட்டு (போர்டுல ப்ராசஸர் ஒக்கார்ற எடம்), எச்61 இல்லன்னா பி75 போர்டு போதும். நாலாவதுக்கு 1150, எச்81, பி85. ஆறும் ஏழும் 1151, எட்டும் ஒன்பதும்கூட 1151தான், ஆனா இங்கதான் ஏமாந்துடுவாங்க, சாக்கெட்டு பேரு ஒண்ணா இருந்தாலும் எச்110 போர்டுல எட்டாவது ஜெனரேஷன் ஓடாது, அதுக்கு எச்310 மாதிரி 300 சீரிஸ் போர்டுதான் வேணும்.

எச்61ஆ பி75ஆன்னு கேட்டா, ரெண்டும் கிடைச்சா நான் கண்ண மூடிகினு பி75தான் எடுப்பேன். எச்61 சிப்செட்டுல யூஎஸ்பி 3.0 கிடையாது, வேகமான 6 ஜிபிபிஎஸ் சாட்டா (ஹார்டுடிஸ்க் சொருகற போர்ட்டு) கிடையாது, ராம் ஸ்லாட்டு ரெண்டுதான். பி75ல யூஎஸ்பி 3.0 இருக்கு, 6 ஜிபிபிஎஸ் சாட்டா ஒண்ணு இருக்கு, அதுல ஹார்டுடிஸ்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி ஒண்ணு போட்டா பழைய சிஸ்டம் ஓடறதே வேற மாதிரி இருக்கும். இன்னொண்ணு, பழைய எச்61 போர்டு சிலதுல பயாஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற, போர்டுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணாம மூணாவது ஜெனரேஷன் ப்ராசஸர் எடுக்காது, பி75ல அந்த தலைவலி இல்ல.

ராம் பத்தி ரொம்ப சொல்ல வேணாம், டிடிஆர்3 போர்டுல டிடிஆர்4 போகாது, வெட்டு இருக்கற எடமே வேற, அழுத்தி சொருகி ஸ்லாட்ட ஒடச்சிடாதீங்க.

பிரிண்டர்தான் எங்களுக்கு பெரிய விஷயம். பழைய டாட் மேட்ரிக்ஸ் பேரலல் போர்ட்டுல (எல்பிடின்னும் சொல்வாங்க) ஓடறது, யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் இருக்கு, ஆனா விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடற பில்லிங் சாஃப்ட்வேருக்கு அது பல நேரம் ஒத்துழைக்காது. அதனால பின்னாடி போர்ட்டு இல்லன்னாகூட போர்டு மேல எல்பிடின்னு எழுதின பின் வரிசை இருக்கான்னு பாத்து வாங்கினேன், ஒரு சின்ன பிராக்கெட்டு கேபிள் போட்டா போதும். உங்களுக்கு விஜிஏ மானிட்டர்னா அதயும் பாத்துக்கங்க. டெல், எச்பி, லெனோவோ மாதிரி பிராண்டட் சிஸ்டம்னா இன்னும் ஜாக்கிரதை, பலதுல பவர் கனெக்டரும் ஸ்விட்ச் ஒயரும் சாதா போர்டுக்கு ஒத்துப்போகாது, அதே மாடல் போர்டயே தேடறதுதான் நல்லது.

வேலூர்ல கெடைக்கலன்னா காட்பாடியில ட்ரெயின் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல சென்னை சென்ட்ரல், அங்கேந்து எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி தெரு பக்கம்தான், 1155 போர்டு பழசும் கெடைக்கும், அவ்வளவா பேரு தெரியாத பிராண்டுல புதுசும் கெடைக்கும். பழசு வாங்கினா சாக்கெட்டு மூடிய தொறந்து காட்டச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. செல்போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சி அடிங்க, அந்த குட்டி குட்டி பின்னெல்லாம் நெல்லு நாத்து நட்ட மாதிரி ஒரே வரிசையா மின்னணும். எங்கயாவது ஒண்ணு மட்டும் வேற திசையில மின்னினா இல்ல கறுப்பா தெரிஞ்சா அது வளைஞ்ச பின், அந்த போர்டு வேணாம். நான் பாத்த மொத போர்டுல ஓரத்துல ரெண்டு பின் அப்படித்தான் படுத்து கெடந்துச்சு.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்விய கேட்டுக்கங்க, சிஸ்டம்ல இன்னா வேல? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, விண்டோஸ் 11 முறையா ஓடணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0ன்ற பாதுகாப்பு வசதியும் வேணும். நெட்டு இல்லாம பில்லு மட்டும் அடிக்கறதுன்னா பழைய போர்டே போதும். பேங்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அதுலயேன்னா பழசுல காசு போடாதீங்க, போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் சேத்து மாத்துங்க. எச்610 போர்டும் ஐ3-12100ம் போட்டா போதும், எஃப்னு முடியற ப்ராசஸர் எடுத்துடாதீங்க, அதுல கிராஃபிக்ஸ் இல்ல. எச்610ல டிடிஆர்4, டிடிஆர்5னு ரெண்டு வகை வருது, ராம் வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க. பழைய கூலரும் இதுக்கு ஒக்காராது, ஓட்டை எடைவெளி 1155ல 75 மில்லிமீட்டர், 12வது ஜெனரேஷன்ல 78. சித்தப்பா பில்லிங்க்கு பழசயே வெச்சிகினு, ஜிஎஸ்டி வேலய மட்டும் தம்பி லேப்டாப்புக்கு மாத்திட்டாரு.

போர்டு வந்ததும் நேரா கேபினெட்டுல முடுக்காதீங்க. பில்லிங் டேட்டாவ மொதல்ல வேற சிஸ்டம்ல காப்பி எடுத்துட்டு, அப்பால அட்டைப்பெட்டி மேல போர்ட வெச்சி ப்ராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி, பவர் ஸ்விட்ச் பின் ரெண்டயும் ஸ்க்ரூ ட்ரைவரால தொட்டு ஆன் பண்ணுங்க. டிஸ்ப்ளே வந்தா மட்டும் உள்ள வைங்க. கேபினெட்டுல பழைய போர்டுக்கு போட்ட பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்ட தூக்கி நிறுத்தற குட்டி காலு) புது போர்டு ஓட்டைக்கு நேரா இல்லன்னா அத்த கழட்டிடுங்க, அடியில தட்டினா ஷார்ட்டாயிடும். விண்டோஸ் நீலத்திரை போட்டா பயாஸ்ல சாட்டா மோட பழைய போர்டுல இருந்த மாதிரி ஏஹெச்சிஐ இல்லன்னா ஐடிஇன்னு மாத்தி பாருங்க, எங்களுக்கு அதுலதான் சரியாச்சு. போர்டோட வந்த விண்டோஸ் லைசென்ஸ்னா அது பழைய போர்டோட போயிடும், அதயும் கணக்குல வெச்சிக்கங்க.

கடையில குடுத்த மாத்திக்கற நாளு முடியறதுக்குள்ள எல்லா யூஎஸ்பி, லேன், ஆடியோ, ரெண்டு ராம் ஸ்லாட்டு, பிரிண்டர் போர்ட்டு, ஒண்ணு விடாம சொருகி பாத்துடுங்க, ஒரு நாள் முழுக்க மதிய வெயில்லயும் ஓட விடுங்க.