ஜெர்மனியில் கார் ஓட்டத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூனிக், ஸ்டுட்கார்ட் போன்ற நகரங்களுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள், சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழகிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். அந்தப் பழக்கம் சில வாரங்களில் தானாக வந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வருபவர்களின் அருகில் அமர்ந்து வழிகாட்டும்போது, முன்னால் வந்த நாங்கள் தடுமாறிய இடங்களிலேயே அவர்களும் தடுமாறுவதைக் காண்கிறேன்.

பெரிய சாலைக்கே முன்னுரிமை என்று நினைப்பது

விளக்கோ பலகையோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில், குறிப்பாக 30 கிலோமீட்டர் வேக மண்டலங்களில், பெரும்பாலான சந்திப்புகள் இப்படிப்பட்டவையே. இந்த விதியை எல்லோரும் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆனால் தெருவில் இறங்கியதும், அகலமான சாலையில் போகிறவருக்கே வழி என்ற ஊர்ப் பழக்கம் தலைதூக்கிவிடுகிறது.

ஒருமுறை ஓர் இளைஞர் ஓட்ட, நான் அருகில் இருந்தேன். வலப்புறத் தெருவை ஓர் உயிர்வேலியும், ஓரமாக நிறுத்தியிருந்த வேனும் மறைத்திருந்தன. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. வேலிக்குப் பின்னாலிருந்து சைக்கிளில் வந்த பெண்மணி பிரேக்கை இறுகப் பிடித்து, கார்க் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். "அண்ணா, நம்ம ரோடுதானே பெரிசு?" என்று அந்த இளைஞர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது; அதே கேள்வியை மற்றவர்களும் இன்றுவரை என்னிடம் கேட்கிறார்கள். சைக்கிளுக்கும் அதே முன்னுரிமை உண்டு. மோதியிருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது ஒருபுறமிருக்க, காப்பீட்டில் விபத்தில்லா ஆண்டுகளுக்கான சலுகை சரிந்து, பல ஆண்டுகளுக்குத் தவணை கூடியிருக்கும். ஓட்டுநர் தேர்வில் இப்படிச் செய்தால் அங்கேயே தோல்விதான்.

சாலையின் அகலத்தைப் பார்க்காமல் பலகையைத் தேடுங்கள். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரம் இருந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் போகிறீர்கள். சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் தடித்த கறுப்பு அம்பு இருந்தால், அடுத்த சந்திப்பில் மட்டும் உங்களுக்கு முன்னுரிமை. இரண்டும் இல்லையென்றால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் வைத்தபடி, வலப்புறத் தெரு நன்றாகத் தெரியும்வரை மெதுவாகச் செல்லுங்கள். வீட்டு வளாகத்திலிருந்தோ, தாழ்த்தப்பட்ட நடைபாதை விளிம்பைத் தாண்டியோ வருபவருக்கு இந்த உரிமை கிடையாது.

வேகப் பலகைக்காகக் காத்திருப்பது

ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டினாலே வரம்பு 50 கிலோமீட்டர்.

ஹாரன்

ஊருக்குள் ஆபத்தை எச்சரிக்க மட்டும்.

உரிமத்தைத் தள்ளிப்போடுவது

இங்கே குடியேறிய பின் இந்திய உரிமம் ஆறு மாதங்களுக்கே செல்லும். அதற்குப் பிறகு ஓட்டினால் உரிமமின்றி ஓட்டியதாகக் குற்ற வழக்கே வரும். எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும், தேதி கிடைக்கவும் நாளாகும் என்பதால், வந்த மாதமே பயிற்சிப் பள்ளியில் பதிவு செய்துவிடுங்கள்.

ஆட்டோபானில் (அதிவேக நெடுஞ்சாலையில்) சைரன் கேட்டபின் ஒதுங்குவது

வாகனங்கள் ஊர்ந்து செல்லத் தொடங்கியதுமே, இடது கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்ற அனைவரும் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி அமைக்க வேண்டும். நெரிசல் இறுகி எல்லோரும் நின்றுவிட்டால், நகர இடமே இருக்காது. வழி அமைக்காதவருக்குக் குறைந்தது 200 யூரோ அபராதம், அத்துடன் ஒரு மாதம் ஓட்டத் தடை.