பைத்தானுக்குப் பின் எந்தக் கீழ்நிலை மொழி?

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ பல ஆண்டுகள் பழகியவர், அடுத்ததாக வன்பொருளுக்கு நெருக்கமான கீழ்நிலை நிரல் மொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன், தமக்கு வேண்டியது நினைவகம் இயங்கும் விதத்தைப் பற்றிய புரிதலா, பணியில் உடனே பயன்படும் கருவியா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

புரிதலே நோக்கமெனில், 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் தொடங்குங்கள். மாலாக் (malloc) என்ற செயற்கூற்றைக் கொண்டு நினைவகத்தைக் கேட்டுப் பெறுவது, அதை விடுவிக்க மறப்பது, விடுவித்த இடத்தையே மீண்டும் தொட்டு நிரல் குலைவது ஆகியவற்றை ஒருமுறை நேரில் அனுபவித்தால்தான், ரஸ்ட் மொழியில் எந்த நினைவகத்துக்கு யார் பொறுப்பு என்று வரையறுக்கும் உரிமை விதிகள் எந்த நோய்க்கு மருந்து என்பது விளங்கும். சிறிய ஹாஷ் டேபிள் (பைத்தானின் டிக்ஷனரி போன்ற தரவு அமைப்பு) ஒன்றை நீங்களே எழுதி, நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டி, விடுவிக்காமல் விட்ட நினைவகக் கசிவுகள் அனைத்தும் அடைபடும்வரை திருத்துங்கள்.

புதிய திட்டத்துக்கான கருவி தேவையெனில், என் தேர்வு ரஸ்ட். 2015இல் 1.0 பதிப்பைக் கண்ட இம்மொழிக்கான தொடக்கநிலை ஆதரவு, 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 6.1இல் சேர்க்கப்பட்டது. உரிமை விதிகளை மீறும் நிரலை ஏற்க மறுக்கும் கம்பைலரோடு மல்லுக்கட்டும் முதல் சில வாரங்கள் சலிப்பூட்டும். அப்போது கண்ட தரவையெல்லாம் குளோன் செய்து (நகலெடுத்து) தப்பிப்பது குற்றமன்று.

அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் விளையாட்டு உருவாக்குவோர் இந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சி பிளஸ் பிளஸ் கற்கலாம். கோ (Go) நல்ல மொழியே. ஆயினும் நினைவகத்தை, பயன்படாததைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பானே கவனித்துக்கொள்வதால், இங்கே தேடும் பாடம் அதில் குறைவாகவே கிடைக்கும்.