ஜிப்சம் போர்டுத் தடுப்புச் சுவரை நீங்களே எழுப்புவது எப்படி?

ஒரு பெரிய அறையை இரண்டாகப் பிரிப்பதற்காக நான் முதன்முதலில் எழுப்பிய ஜிப்சம் போர்டுத் தடுப்புச் சுவர் பகலில் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. இரவில் சுவரை ஒட்டிய விளக்கைப் போட்டதும், இரண்டு போர்டுகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு நிழல்கோடு விழுந்தது. மூட்டில் பூச்சு போதவில்லை என்று எண்ணி மூன்று முறை தேய்த்துப் பூசியும் அது போகவில்லை. ஒரு போர்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான், பிழை பூச்சில் இல்லை, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகத்தை நிறுத்திய விதத்தில் இருக்கிறது என்பது விளங்கியது. அதனால் இந்தச் செய்முறையில் சட்டகத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். டிரில்லிங் மெஷினைப் பிடிக்கவும் சுவரில் பிளக் அடிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொருள்கள்

ஜிப்சம் போர்டு என்பது இரு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. வீட்டுத் தடுப்புக்கு 12.5 மி.மீ. கனமுள்ள போர்டு ஏற்றது. 1200 மி.மீ. அகலமும் 2400 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு தாள் ஏறக்குறைய 25 கிலோ இருக்கும் என்பதால், அதைத் தூக்கி நிறுத்த இன்னொருவர் கட்டாயம் வேண்டும். நீளவாட்டு ஓரங்கள் சற்றுச் சரிந்து மெலிந்திருக்கும் வகையையே வாங்குங்கள். டேப்பும் பூச்சும் அந்தச் சரிவுக்குள் அடங்குவதால்தான் மூட்டு புடைக்காமல் மறைகிறது. தரையிலும் கூரையிலும் படுக்கைவாட்டில் பொருத்துவதற்குச் சேனல், அவற்றுக்கிடையே செங்குத்தாக நிறுத்துவதற்கு ஸ்டட், 25 மி.மீ. ஜிப்சம் ஸ்க்ரூ, மூட்டை மூடும் காகித டேப், மூட்டில் பூசும் ஜாயிண்ட் காம்பவுண்ட் ஆகியவை மற்றத் தேவைகள். மரச்சட்டத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், கரையானுக்கும் ஆளாகும் என்பதால் நான் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.

கோடு போடுதலும் சேனலும்

சுவர் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் நூல் அடித்துக் குறித்துவிட்டு, அதே கோட்டைத் தூக்குக்குண்டின் உதவியால் கூரைக்குக் கொண்டு செல்லுங்கள். லேசர் மட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம் என்றாலும், ஒரே ஒரு சுவருக்காக அதை வாங்க வேண்டியதில்லை; காற்றாடியை நிறுத்திவிட்டுத் தொங்கவிடும் தூக்குக்குண்டு பொய் சொல்வதில்லை. சேனலின் அடியில் நுரை டேப்பை ஒட்டி, 600 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல் பிளக் அடித்துப் பொருத்துங்கள். வாசல் வரும் இடத்தில் தரைச் சேனல் கூடாது.

ஸ்டட் நிறுத்துதல்: நான் இடறிய இடம்

ஸ்டட்டுகளைத் தரைக்கும் கூரைக்கும் இடையிலுள்ள உயரத்தைவிட 5 முதல் 10 மி.மீ. குறைவாக வெட்டி, சேனலுக்குள் சாய்வாக நுழைத்துத் திருப்பினால் அவை தாமாகவே பிடித்துக்கொள்ளும். போர்டு ஏறும்வரை அவற்றை நகர்த்தித் திருத்த முடியும். ஆகவே அவசரப்பட்டு முடுக்கிவிட வேண்டாம்.

முதல் ஸ்டட் பக்கச்சுவரை ஒட்டி நிற்கும். அடுத்தவற்றின் நடுக்கோடு அந்தச் சுவரிலிருந்து 600, 1200, 1800 மி.மீ. என்ற அளவுகளில் விழ வேண்டும். ஒவ்வொரு ஸ்டட்டையும் முந்தைய ஸ்டட்டிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் தொடக்கச் சுவரிலிருந்தே அளந்து குறியுங்கள். ஓரிரு மி.மீ. பிழை ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போனால், நான்காவது போர்டின் ஓரம் ஸ்டட்டுக்கு வெளியே தொங்கும்.

இனி முக்கியமான செய்தி. ஸ்டட்டின் குறுக்குவெட்டு மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த பெட்டி போன்றது. போர்டைத் தாங்கும் தட்டையான முகத்தின் ஒரு விளிம்பு முதுகுத் தகட்டோடு சேர்ந்து உறுதியாக இருக்கும். மறுவிளிம்பு எதனோடும் சேராமல், விரலால் அழுத்தினாலே உள்வாங்கும். மூட்டு விழும் ஸ்டட்டில் ஒரு போர்டு பாதி முகத்திலும் அடுத்த போர்டு மீதிப் பாதியிலும் உட்காருகின்றன. நான் செய்ததுபோல் முதல் போர்டை முதுகுப் பக்கப் பாதியில் முடுக்கிவிட்டால், அடுத்த போர்டின் ஸ்க்ரூ திறந்த பாதியில் இறங்கும்போது அந்த விளிம்பு பின்னால் வளைகிறது. இரண்டு போர்டுகளும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. இரவில் எனக்குத் தெரிந்த நிழல்கோடு அந்த மட்ட வேறுபாட்டால் விழுந்ததுதான். மாறாக, முதல் போர்டைத் திறந்த பாதியில் முடுக்கினால் போர்டின் விறைப்பே அந்த விளிம்பைப் பிடித்து நிறுத்திவிடும். அடுத்த போர்டு உறுதியான முதுகுப் பக்கத்தில் சமமாக வந்து உட்காரும்.

எனவே விதி இது: எல்லா ஸ்டட்டுகளின் திறந்த பக்கமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், அந்தத் திசை நீங்கள் போர்டு அடிக்கத் தொடங்கும் சுவரின் திசையாக இருக்க வேண்டும். சுவரின் மறுபக்கத்துக்குப் போகும்போதும் அதே முனையிலிருந்தே தொடங்குங்கள். பக்கச்சுவரை ஒட்டிய ஸ்டட்டும் வாசலின் இருபுறமும் உள்ள ஸ்டட்டுகளும் மட்டும் இதற்கு விலக்கு. வாசல் ஸ்டட்டுகளின் முதுகு வாசலைப் பார்க்க வேண்டும், உள்ளே ஒரு மரச்சட்டத்தைச் செருகி உறுதியாக்கிக்கொள்ள வேண்டும்.

மின்கம்பிகளை ஸ்டட்டில் உள்ள துளைகளின் வழியே குழாயில் இழுங்கள். மெயினை அணைத்துவிட்டு, இணைப்பு வேலையை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

போர்டு அடித்தல்

வெட்டுவது எளிது: முகப்பக்கக் காகிதத்தைக் கட்டர் கத்தியால் ஒருமுறை அழுத்திக் கீறி, பின்பக்கம் மடித்து ஒடித்து, பின்காகிதத்தை அறுத்துவிட வேண்டும். ரம்பம் தேவையில்லை, தூசிதான் மிஞ்சும்.

போர்டு தரையைத் தொடக் கூடாது. தரை கழுவும் நீரைக் காகிதமும் ஜிப்சமும் உறிஞ்சிவிடும் என்பதால், அடியில் 10 மி.மீ. மரத்துண்டுகளை வைத்து அதன்மேல் நிறுத்தி முடுக்குங்கள்; பின்னர் அந்த இடைவெளியைச் சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். ஸ்க்ரூக்களுக்கிடையே ஓரங்களில் 200 மி.மீ., நடுவில் 300 மி.மீ. இடைவெளி போதும். காகிதம் மூடிய ஓரத்திலிருந்து 10 மி.மீ., வெட்டிய ஓரத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி முடுக்காவிட்டால் ஜிப்சம் உதிரும். ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளடங்க வேண்டும்; போர்டைப் பிடித்து நிறுத்துவது அந்தக் காகிதமே, அது கிழிந்தால் ஸ்க்ரூ மாவுக்குள்தான் நிற்கிறது. டிரில்லிங் மெஷினில் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஜிப்சம் பிட்டைப் போட்டுக்கொண்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். இந்த வேலைக்கென்று ஒரே ஒரு பொருளைப் புதிதாக வாங்கச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

மறுபக்கத்தை 600 மி.மீ. அரைத் தாளில் தொடங்குங்கள். அப்போது இரு பக்கத்து மூட்டுகளும் ஒரே ஸ்டட்டில் விழாது. வாசலுக்கு மேலே மூட்டு வாசல்நிலையின் நேர்கோட்டில் வரக் கூடாது. கதவை அடைக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ந்து அங்கேதான் விரிசல் விழும். போர்டை வாசல் மூலையைச் சுற்றி வெட்டி, மூட்டை வாசலின் நடுவுக்கு மேலே கொண்டு போய், அங்கே ஒரு குட்டை ஸ்டட்டை நிறுத்துங்கள்.

மூட்டு

வலை டேப் தானே ஒட்டிக்கொள்ளும் என்பதால் புதியவர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் வாளியில் கலந்தே வரும், காய்ந்து இறுகும் காம்பவுண்டோடு அதைச் சேர்த்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். தூளாக வந்து நீர் சேர்த்ததும் வேதிமாற்றத்தால் இறுகும் வகையே அதற்குப் பொருந்தும். காகித டேப் இரண்டோடும் ஒத்துப்போகும், உள்மூலையில் மடித்து வைக்கவும் வசதியானது. என் தேர்வு எப்போதும் காகித டேப்தான்.

மூட்டின்மேல் காம்பவுண்டைத் தாராளமாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே டேப்பைப் பதித்து, பட்டித் தகட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி இழுத்து அழுத்துங்கள். அடியில் பூச்சு போதாத இடத்தில் டேப் குமிழிடும்; அப்படிக் குமிழிட்டால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு மீண்டும் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் பூச்சு முழுவதும் காய்ந்த பின் 200 மி.மீ. அகலத்தில் இரண்டாவதும், அதுவும் காய்ந்த பின் 300 மி.மீ. அகலத்தில் மூன்றாவதும் பூசுங்கள். ஒவ்வொன்றும் மெல்லியதாக, ஓரத்தில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோக வேண்டும். மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஈரத்தின்மேல் பூசினால் அது பின்னர் சுருங்கிப் பள்ளம் காட்டும்.

இறுதியில் 150 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேடுபள்ளங்களைப் பார்த்துத் திருத்திய பிறகே பிரைமருக்குப் போங்கள். காகிதமும் பூச்சும் பெயிண்டை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், பிரைமர் இல்லாமல் அடித்தால் மூட்டுகள் மீண்டும் பட்டை பட்டையாகத் தெரியும்.

பின்சேர்க்கை

இந்தச் செய்முறையைப் பின்பற்றியவர்கள் சொன்ன சிக்கல்களை வைத்து மூன்று செய்திகளைச் சேர்க்கிறேன்.

டிவியையோ சுவர் அலமாரியையோ மாட்ட நினைப்பவர்கள், போர்டு அடிக்கும் முன்பே அந்த உயரத்தில் ஸ்டட்டுகளுக்கிடையே 18 மி.மீ. பிளைவுட்டைப் பொருத்தி, அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவர் எழுந்த பிறகும் பேச்சுக்குரல் கேட்கிறது என்று சொன்னவர்களின் வீட்டில் பெரும்பாலும் தரையோர இடைவெளி திறந்தே இருந்தது. ஸ்டட்டுகளுக்கிடையே 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளியை நிரப்பினாலும், நான்கு ஓரங்களையும் சீலண்ட்டால் அடைக்காவிட்டால் ஒலி அந்த வழியே வந்துவிடும். சுவிட்ச் பெட்டிகள் இரு பக்கமும் முதுகுக்கு முதுகாக ஒரே இடத்தில் இருந்தாலும் இதுவே நேரும். ஒன்றை அடுத்த ஸ்டட் இடைவெளிக்கு மாற்றுங்கள்.

குளியலறைக்குப் பச்சை நிற ஈரத்தடுப்புப் போர்டு போதுமா என்பது மூன்றாவது. அது ஈரக்காற்றைத் தாங்கும், நேரடியாக விழும் நீரைத் தாங்காது. ஷவருக்கு அடியில் சிமெண்ட் போர்டை அடித்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுங்கள்.