பாலாய் ராயாவில் ஒரு நாள் நாடாளுமன்றம்: ஒற்றை அவையை மாணவர்களைக் கொண்டு நடத்தும் முறை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு, ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் மாதிரி நாடாளுமன்றம் நடத்த நினைப்பவர்கள், எந்த மன்றத்தை மாதிரியாகக் கொள்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டில் 222 பேர் கொண்ட மக்களவையும் 70 பேர் கொண்ட மேலவையும் இருப்பதால், ஒரே நாளில் இரண்டையும் நடத்திக் காட்ட ஆளும் போதாது, நேரமும் போதாது. அக்கரைச் சிங்கப்பூர் 1965 முதல் ஒரே அவையைக் கொண்டு இயங்கி வருகிறது. அங்கே உறுப்பினர்கள் தமிழிலும் பேசலாம். அங்கு வேலைக்குப் போய்வரும் அண்ணனோ மாமாவோ நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. ஆகவே அதையே மாதிரியாகக் கொள்வது நல்லது.

மேலவை இருந்தால் ஒரு சட்டத்தை இன்னொரு கூட்டத்தார் மறுபடி பார்ப்பார்கள். அது இல்லாத நாட்டில் அந்த மறுபார்வை அவையின் நடைமுறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்கள் உணர வேண்டும். நேரம் குறைகிறது என்று நடுவில் ஒரு கட்டத்தை வெட்டிவிட்டால் நிகழ்ச்சி வெறும் பேச்சுப் போட்டியாகிவிடும்.

முப்பது மாணவர்கள் கிடைத்தால், இருபத்து நால்வரை ஆளுங்கட்சியிலும் மூவரை எதிர்க்கட்சியிலும் அமர்த்தி, ஒருவரைத் தொகுதியில்லா உறுப்பினராகவும் இருவரை நியமன உறுப்பினர்களாகவும் வைக்கலாம். இந்த வகைகள் கற்பனையல்ல. 2025 மே மாதத் தேர்தலில் சிங்கப்பூரில் 97 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் எதிர்க்கட்சியினர் 10 பேர். எதிரணியில் குறைந்தது 12 பேராவது இருக்க வேண்டும் என்ற விதிப்படி, தோற்றவர்களில் அதிக வாக்கு விழுக்காடு பெற்றவர்களுக்கு மீதி 2 இடங்கள் தொகுதியில்லா உறுப்பினர் என்ற பெயரில் போயின. இவர்களுக்கு இப்போது முழு வாக்குரிமை உண்டு. கட்சி சாராத நியமன உறுப்பினர்கள் 9 பேர் வரை இருக்கலாம். ஆனால் அரசமைப்புத் திருத்தம், நிதி ஒதுக்கீடு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது. அந்த நேரத்தில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு மாணவர்களே இந்த விதியை மற்றவர்களுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்து விடுவார்கள்.

நாம் சபாநாயகர் என்பவரைச் சிங்கப்பூர்த் தமிழர் நாடாளுமன்ற நாயகர் என்பர். உறுப்பினர் அல்லாத ஒருவரையும், தேர்தலில் நிற்கும் தகுதி அவருக்கு இருந்தால், அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே முன்னாள் மாணவர் ஒருவரை அழைக்கலாம். உரத்த குரல் உள்ளவரைவிட விதிகளை நினைவில் வைத்திருப்பவரே இதற்குப் பொருத்தமானவர். அரசாங்கத் தரப்பில், தம் கட்சியினரை அவைக்கு வரவைக்கும் ஒரு கொறடாவும் வேண்டும்; இல்லையேல் தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

மசோதாவை மாணவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து எடுங்கள். “ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி தோட்டம் கொடுத்த வீட்டில் மேலும் ஓராண்டு குடியிருக்கலாம்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் போதும். முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும் படிக்கப்படும், விவாதம் கிடையாது. இதை மட்டும் ஒரு வாரம் முன்னதாக முடித்து நகலைக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் மசோதாவின் நோக்கத்தை விளக்க, கொள்கை பற்றி மட்டும் எல்லாரும் பேசி வாக்களிப்பர்.

அடுத்து வருவது குழுநிலை. முழு மன்றமும் குழுவாக மாறி ஒவ்வொரு பிரிவாகப் பார்க்கும். கூடுதல் ஆய்வு தேவையானால் சிலரைக் கொண்ட தெரிவுக்குழுவுக்கு மசோதாவை அனுப்பும். எங்கள் நிகழ்ச்சியில் கிராணியின் (தோட்ட அலுவலக எழுத்தரின்) மகள் ஒருத்தி எழுந்து, குத்தகையாளரிடம் வேலை செய்பவர் “தோட்டத் தொழிலாளி”யா என்று கேட்டாள். அமைச்சராக இருந்த பையன் விழித்தான். தொழிலாளி இறந்துவிட்டால் அவர் மனைவிக்கு அந்த ஓராண்டு உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த ஒரு வரி நான்கு வரிகளாக வளர்ந்தது. இந்தக் கட்டத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவற்றில் வேண்டுமானால் மிச்சம் பிடியுங்கள்.

மூன்றாம் வாசிப்பு விரைவாக முடியும். வாக்கெடுப்பில் முதலில் “ஆம்”, “இல்லை” என்று குரல் கொடுக்கச் செய்து, ஐவர் எழுந்து நின்று கேட்டால் மட்டும் ஒவ்வொருவராக எண்ணுங்கள். அரசமைப்பைத் திருத்தும் மசோதாவானால் நியமன உறுப்பினர் நீங்கலாக மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. நம் கணக்கில் 28 பேரில் 19 பேர்.

அத்துடன் சட்டம் ஆகிவிடாது. அவசர மசோதா, நிதி மசோதா போன்றவை நீங்கலாக, மற்றவை சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்குப் போகும்; ஓர் இனத்தையோ சமயத்தையோ சட்டம் பாகுபடுத்துகிறதா என்று அது பார்க்கும். பெற்றோரில் மூவரை ஓரமாக அமர்த்தி இந்த வேலையைக் கொடுங்கள். அதன் பிறகே அதிபரின் ஒப்புதல். மேலவை இல்லாத இடத்தில் இந்த மூன்று நாற்காலிகள் ஏன் போடப்பட்டன என்று கேட்கும் மாணவருக்குப் பரிசு தரலாம்.

கடைசி அரை மணி நேரத்தை ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு விடுங்கள். உறுப்பினர் ஒருவர் தாம் விரும்பிய பொருளைப் பற்றி இருபது நிமிடம் வரை பேச, அமைச்சர் பதில் சொல்வார். வாக்கெடுப்பு நடத்தி யாரும் தோற்கடிக்கக்கூடிய பேச்சு அல்ல இது. அன்று முழுவதும் வாய் திறக்காத மாணவருக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். எங்கள் மன்றத்தில் அதைப் பெற்ற பையன், பள்ளிப் பேருந்து தோட்டத்து முச்சந்தியோடு நின்றுவிடுவதைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினான்.