தண்ணிய வச்சு வகுப்புல எக்ஸ்பரிமெண்ட் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன மாசம் ஏற்காடு பக்கம் ஒரு ஸ்கூலுக்குப் போயிருந்தேன், புதுசா வேலைக்கு வந்த ஒரு டீச்சர் ஏழாம் வகுப்புப் பிள்ளைங்கள வச்சு தண்ணி கொதிக்கவச்சு வெப்பநிலை எடுக்க வச்சுட்டு இருந்தாங்க. ரொம்ப ஆர்வமான டீச்சர், பிள்ளைங்களும் மேசையச் சுத்தி நின்னு ஒருத்தர மாத்தி ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு இருந்தாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு, கடைசியில டீச்சர் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா 20 வருஷத்துக்கு முன்னாடி அதே வார்த்தைய நானும் சொல்லியிருக்கேன். அது என்னன்னு கீழ சொல்றேன். தண்ணி கீழ கொட்டாம பாத்துக்கோங்க, கைய சுட்டுக்காதீங்க இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடுறேன்.

கழுவின டம்ளர் சுத்தமான டம்ளர் இல்ல

ஊசி மிதக்கவிடுறது, மிளகுத்தூள் தூவி சோப்பு விரலால தொடுறது, சூடத்துண்டு தண்ணி மேல ஓடுறது, இது மூணும் பரப்பு இழுவிசைக்கு, அதாவது தண்ணியோட மேல்பரப்பு இழுத்துப் பிடிச்ச தோல் மாதிரி நிக்கிறதுக்கு, நல்ல சோதனை. ஆனா நிறைய பேர் வகுப்புல பண்றப்போ நடக்க மாட்டேங்குது. காரணம் பெரும்பாலும் பாத்திரம் விளக்குற சோப்புதான். டம்ளர் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்குற கொஞ்சூண்டு சோப்பே போதும், சூடம் அசையாம நின்னுடும். நாலஞ்சு தடவ வெறும் தண்ணியில அலசுங்க. தலைக்கு எண்ணெய் வச்ச கையால தண்ணிய தொடவிடாதீங்க, அதுவும் அதே வேலையைத்தான் பண்ணும். மிளகு சோதனைய ஒரு தடவ பண்ணின தண்ணியில திரும்பப் பண்ணினா நடக்காது, அடுத்த குழுவுக்கு தட்டையும் கழுவி தண்ணியும் மாத்தணும்.

இத பிள்ளைங்ககிட்ட சொல்றப்போ ஆக்னஸ் போக்கல்ஸ் பத்தியும் சொல்லுங்க. 1880கள்ல ஜெர்மனியில, பொண்ணுங்களுக்கு யுனிவர்சிட்டி கதவே திறக்காத காலத்துல, வீட்டு வேலை பாத்துக்கிட்டே தண்ணி மேல அழுக்கும் எண்ணெயும் படிஞ்சா அதோட இழுவிசை எப்படி மாறுதுன்னு தானே ஒரு தொட்டி செஞ்சு அளந்தவங்க. அத இங்கிலாந்து விஞ்ஞானி லார்டு ரேலிக்கு கடிதமா எழுத, அவர் அனுப்பிவச்சு 1891ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்துச்சு. நம்ம டம்ளர்ல சோதனைய கெடுக்குற அந்த அழுக்குதான் அவங்களுக்கு ஆராய்ச்சியே.

முட்டை

நல்ல தண்ணியில முங்குற முட்டை உப்புத்தண்ணியில மிதக்கும்னு காட்ட அன்னிக்கு வாங்கின முட்டையா இருக்கணும். பழசு நல்ல தண்ணியிலயே மிதந்துடும், அப்புறம் உப்ப போட்டு எத காட்டுவீங்க?

"100ன்னு எழுதுங்க"

இதுதான் அந்த வார்த்தை. ஏற்காட்டுல பிள்ளைங்க தெர்மாமீட்டர்ல 95 காட்டுது, அந்த டீச்சர் "தெர்மாமீட்டர் சரியில்ல, நோட்டுல 100ன்னு எழுதுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

தெர்மாமீட்டர் சரியாத்தான் இருந்துச்சு. தண்ணி கொதிக்கணும்னா உள்ள உண்டாகுற ஆவிக் குமிழி, மேல அழுத்திட்டு இருக்குற காத்தோட அழுத்தத்துக்கு ஈடு கொடுக்கணும். மலை மேல போகப் போக காத்தோட அழுத்தம் குறையும், அதனால குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினா 1 டிகிரி குறையும்னு வச்சுக்கலாம். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர், அங்க 95தான் வரணும். ஊட்டி 2,240 மீட்டர், அங்க 92, 93தான். 1742ல அளவுகோல் போட்ட செல்சியஸே கொதிநிலை காத்தழுத்தத்தைப் பொறுத்து மாறும்னு சொல்லித்தான் போட்டாரு.

நான் முதல்ல வேலை பாத்தது நீலகிரியில ஒரு ஸ்கூல்ல. எட்டாம் வகுப்பு, மூணு குழு, ஒண்ணுக்கு 92, ஒண்ணுக்கு 93, இன்னொண்ணுக்கு 92. மூணையும் சிவப்பு மையால அடிச்சுட்டு 100ன்னு எழுதச் சொன்னேன். ஒரு பொண்ணு எந்திரிச்சு, "சார், எங்க பாட்டி சொல்லும், கீழ மேட்டுப்பாளையத்துல சும்மா பாத்திரத்துலயே பருப்பு வெந்துடுமாம், இங்க குக்கர் இல்லன்னா வேகவே வேகாதாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"ன்னு கேட்டா. நான் உக்காருன்னு சொல்லிட்டேன். பாடத்தோட மொத்த விடையும் அவ கையில இருந்துச்சு, அத நான் தட்டிவிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அழுத்தம் பத்தி பாடம் எடுக்க உக்காந்து படிக்கிறப்போதான் எனக்கே உறைச்சுது, மறுநாள் வகுப்புல தப்பு என்னுதுன்னு சொல்லி அவங்க நோட்டுல திருத்திக் கொடுத்தேன். ஆனா அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எந்த சோதனை பண்ணினாலும் முதல்ல புக்க திறந்து விடைய பாத்துட்டுத்தான் ரீடிங் எழுதினா. வருஷம் முடியுற வரைக்கும் அப்படித்தான். அத நினைச்சா இப்பவும் எனக்கு என் மேல ஆத்திரமா வருது, வேற டீச்சர் அதையே பண்றத பாத்தா இன்னும் கோவம் வருது.

சரி, எப்படிப் பண்ணணும்? முதல்ல தெர்மாமீட்டர உருகுற ஐஸ்ல வச்சு 0 காட்டுதான்னு பிள்ளைங்க முன்னாடியே பாருங்க, அப்புறம் தெர்மாமீட்டர் மேல பழி போட முடியாது. தெர்மாமீட்டரோட நுனிக் குமிழ் பாத்திரத்தோட அடியில முட்டக்கூடாது, முட்டினா கூடுதலா காட்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுதச் சொல்லுங்க, கொதிக்க ஆரம்பிச்ச பிறகும் ஒரு அஞ்சு நிமிஷம் எழுதணும், அங்கதான் விஷயமே இருக்கு, தீய கூட்டினாலும் வெப்பநிலை ஏறாம அதே இடத்துல நிக்கும், கிராஃப்ல கோடு படுத்துடும். பிள்ளைங்க என்ன பாத்தாங்களோ அது நோட்டுல அப்படியே இருக்கட்டும். அப்புறமா "ஏன் 100 வரல?"ன்னு கேள்விய அவங்ககிட்டயே விடுங்க.

கீழ ஊர்ல இருக்குறவங்க 101, 102 வந்தா "போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி"ன்னு சொல்றாங்க. அதுவும் தப்பு. லிட்டருக்கு கிட்டத்தட்ட 58 கிராம் உப்பு போட்டாத்தான் 1 டிகிரியே ஏறும், அவ்வளவு உப்பு இருந்தா அந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாது. திரும்ப ஐஸ்ல வச்சுப் பாருங்க.

காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர்

வெந்நீர்ல விடவே கூடாது. 42 டிகிரி வரைக்கும்தான் அதுல அளவு, பாதரசம் விரிஞ்சு கண்ணாடி உடைஞ்சுடும்.

கரண்ட்

தண்ணியில கரண்ட் பாயுதான்னு பாக்க பேட்டரி, எல்.இ.டி. மட்டும். பிளக் பாயிண்ட் பக்கமே போகாதீங்க.

ஃப்ரீசர்

ஐஸ் ஆனா இடம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும்னு காட்ட கண்ணாடி பாட்டில்ல ரொப்பி வைக்காதீங்க, வெடிச்சுடும். பிளாஸ்டிக் பாட்டில், முக்கால்வாசி தண்ணி, வெளியில ஸ்கெட்ச்சால ஒரு கோடு, போதும்.

மிச்சமான உப்புத்தண்ணி

செடிக்கு ஊத்தாதீங்க. பிள்ளைங்க தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு நல்ல மனசோடதான் ஊத்துவாங்க, அதனால முன்னாடியே ஒரு பக்கெட் வச்சு அதுல சேக்கச் சொல்லிடுங்க. எங்க ஸ்கூல் வாசல்ல நட்டிருந்த வேப்பங்கன்னு ஒண்ணு அப்படித்தான் பட்டுப்போச்சு.