ஏற்காட்டு செல்போன் டவருக்கு எவ்வளவு பேட்டரி? கணக்குப் போடும் முறை

மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் ஏற்காட்டில் கரண்ட் திரும்ப நேரமாகும். ஜெனரேட்டருக்கான டீசலும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வர வேண்டும். அதுவரை 108-ஐ அழைக்க சிக்னல் கொடுப்பது டவரடியில் இருக்கும் பேட்டரிதான். அதனால் இந்தக் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது.

முதலில் லோடு, அதாவது கருவிகள் இழுக்கும் மின்சாரம். டவர் கருவிகள் மைனஸ் 48 வோல்ட் டிசியில் ஓடுகின்றன. எர்த் ஆவது பாசிட்டிவ் பக்கம். 1,200 வாட் இழுத்தால் 1200 ÷ 48 = 25 ஆம்பியர். எல்லோரும் போன் பேசும் மாலை நேரத்தில் டிசி கிளாம்ப் மீட்டரால் அளப்பது நல்லது.

அடுத்து நேரம். 6 மணி நேரத்துக்கு 25 × 6 = 150 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). ஆனால் 150 வாங்கினால் போதாது. லெட் ஆசிட் பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக 150 ÷ 0.8 = 187.5. பேட்டரி பழசாகி அதன் திறன் 80 சதவீதமாகத் தேயும்வரை அதே 6 மணி நேரம் வேண்டுமானால் இன்னொரு முறை 0.8-ஆல் வகுங்கள்: சுமார் 235. லேபிள் எண் 10 மணி நேர டிஸ்சார்ஜுக்கானது, வேகமாக இறக்கினால் இன்னும் குறையும். நான் 300 ஆம்பியர் அவர் செட்டையே சொல்வேன்.

48 வோல்ட் கிடைக்க 2 வோல்ட் செல்கள் 24-ஐ சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்க வேண்டும். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, இன்சுலேஷன் உள்ள ஸ்பேனரை மட்டும் எடுங்கள். ஷார்ட் ஆனால் உலோகமே உருகும்.

இனி ஃப்ளோட் வோல்டேஜ், அதாவது கரண்ட் இருக்கும்போது பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கத் தொடர்ந்து கொடுக்கும் வோல்டேஜ். பலரும் கவனிக்காத இடம் இது. 27 டிகிரியில் செல்லுக்கு 2.25 என்றால் மொத்தம் 54 வோல்ட். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் செல்லுக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். ஏற்காட்டில் 15 டிகிரி இருக்கும் இரவில் 54.9 வரை போகும். சேலம் டவரின் செட்டிங்கை மலையில் அப்படியே வைத்தால் பேட்டரி முழுதாக நிறையாது. மலையின் செட்டிங்கை சேலத்து மே மாத வெயிலில் வைத்தால் ஓவர்சார்ஜ் ஆகிச் செல் உப்பும். வெப்பநிலை சென்சாரைப் பேட்டரியிலேயே ஒட்டுங்கள், சுவரில் அல்ல. சரியான எண்ணுக்கு செல்லின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். லித்தியம் என்றால் கணக்கே வேறு.

கடைசியாக டிஸ்சார்ஜ் டெஸ்ட். மெயினை நிறுத்தி, அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு செல்லையும் அளந்து எழுதுங்கள். மற்றவை 1.95-இல் நிற்கும்போது ஒன்று மட்டும் 1.8-க்குச் சரிந்தால், மாற்ற வேண்டியது அதைத்தான். மெயினை நிறுத்தும் முன் ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.