தினசரி காலண்டரில் முடிந்த கணக்குப் பாடம்

தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறி கணக்கு. "இந்த மாசம் முடிச்சிடணும்" என்று மூன்று மாதமாக மனசுக்குள் சொன்னதுதான் மிச்சம், தனிவட்டியைத் தாண்டவில்லை. போனில் அலாரம் வைத்தேன், கை தானாக அணைத்தது. மஞ்சக்குப்பத்தில் டைரி வாங்கி "கணக்கு படிக்கணும்" என்று எழுதினேன். எவ்வளவு, எப்போதைக்குள் என்று அந்த வரியில் இல்லை. அதுவும் நகரவில்லை.

அப்புறம் சமையலறை தினசரி காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைத் தூக்கி, "கூட்டுவட்டி, 20 கணக்கு, இரவு 9 மணிக்குள்" என்று எழுதினேன். பென்சில்தான் சரி, பேனா மை அடுத்த தேதியிலும் ஊறிவிடுகிறது. அதே வரியைப் புதன் தாளிலும் எழுதியதுதான் வேலை செய்தது. காலையில் தாள் கிழிப்பது அம்மா. "இன்னும் ரெண்டு நாள்தான்டா" என்று குரல் கொடுத்துவிடுவார். இப்படியே வாராவாரம் எழுதியதில், ஆறு வாரத்தில் பாடம் முழுக்க முடிந்தது. அப்பாடா!